ஊதாத கொம்பு

எங்கள் அப்பா பாஸாவ் நகரில் பீர் காய்ச்சினார். டான்யூப் கரையில் இருந்த விடுதியும் எங்களுடையதுதான். மகன் கோர்பினியன் தன்னைப் போலக் கொப்பரையைக் கிளறிக் காலம் தள்ளக் கூடாது, இடுப்பில் வாளோடு ஊருக்குள் நடந்து வர வேண்டும் என்பது அவர் ஆசை. அண்ணனை மியூனிக்கில் பட்டாளப் பள்ளியில் சேர்த்தார். வெளிர்நீலச் சட்டையும் தலைக்கவசமுமாக லெப்டினன்ட் ஆகி அவன் திரும்பி வந்த அன்று, விடுதியில் இருந்த அத்தனை பேரையும் எழுந்து நிற்கச் சொல்லி அழுதார். அடுத்த பனிக்காலத்தில் நிம்மதியாகச் செத்துப்போனார். அதற்கப்புறம் நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. கொடுத்து வைத்தவர்.

பட்டாளத்தில் அண்ணனுக்கு மேலே இருந்தவன் கேப்டன் டெட்டன்ஹோஃபன். பிரபு வீட்டுப் பிள்ளை. அவன் குடும்பத்துக்கு ஒரு கோட்டையும் காடுகளும் இருந்தன. அண்ணனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

“என்னப்பா பீப்பாய், இன்னிக்கு நுரை தூக்கலா இருக்கே?” என்பான், எல்லா அதிகாரிகளும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது. மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழும். அண்ணனும் சிரித்து வைப்பான். அப்படிச் சிரித்த நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொட மாட்டான்.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஃபைட் ஹாஸ்லிங்கர், அண்ணனின் பிரிவிலேயே சார்ஜெண்ட். இல்ஸ் ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் வாத்து வளர்க்கும் நோட்புர்கா என்ற விதவையின் ஒரே மகன். எதையும் கிண்டலாகத்தான் பேசுவான். “உங்கண்ணன் எனக்கு உத்தரவு போடுவான், நீ அவனுக்கு உத்தரவு போடுவ. அப்ப நான் யாருக்கு சல்யூட் அடிக்கிறது, சென்ஸி?” என்பான். அறுவடைக்குப் பிறகு கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் வருடம், அறுவடைக்கு முன்னால், பிரஷ்யாக்காரர்களோடு சண்டை வந்துவிட்டது. நாங்கள் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றோம். பட்டாளம் வடக்கே சாலே ஆற்றங்கரைக்குப் போயிற்று.

அங்கே ஆற்றோரம் ஒரு மாவு ஆலை. கேப்டன் அண்ணனை அழைத்துச் சொன்னான்: “உன் ஆளுங்களோட இந்த ஆலையில நில்லு. மேட்டுல நான் இருக்கேன். பின்வாங்கணும்னா கொம்பு ஊதச் சொல்றேன். கொம்புச் சத்தம் கேக்குற வரைக்கும் ஓரடி நகரக் கூடாது.”

அண்ணன் நகரவில்லை. காலையில் தொடங்கிய துப்பாக்கிச் சூடு உச்சிவேளை ஆகியும் ஓயவில்லை. பிரஷ்யர்கள் பாலத்தைக் கடந்து இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். ஆலையின் சுவரெல்லாம் மாவும் இரத்தமும். மாடி ஜன்னலில் இருந்த ஃபைட் திரும்பிப் பார்த்து, “லெப்டினன்ட் ஐயா, மேட்டுல நம்மாளு ஒருத்தனையும் காணோமே,” என்றிருக்கிறான்.

“கொம்பு ஊதலையே ஃபைட்.”

“ஊதுறதுக்கு அங்க ஆளு இருந்தாத்தானே ஐயா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னானாம். அந்தச் சிரிப்பு முடியுமுன் குண்டு அவன் தொண்டையில் பாய்ந்தது. ஆலைக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் வழியாகத் தவழ்ந்து அண்ணன் மிச்ச ஆட்களை வெளியே கொண்டு வந்தான். பாதிப் பேர் வரவில்லை. எல்லோரும் பாஸாவும் அதைச் சுற்றிய கிராமங்களும் பெற்ற பிள்ளைகள்.

கேப்டன் மேலிடத்துக்குச் சொன்ன கதை வேறு. பின்வாங்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கொம்பு ஊத வைத்தானாம். பெயர் வாங்கும் ஆசையில் லெப்டினன்ட் ராய்ட்மாயர், அதாவது எங்கள் அண்ணன், காதில் விழாதது போல இருந்துவிட்டானாம். அதிகாரிகள் கூடி விசாரித்தார்கள். கொம்பு ஊதும் சிப்பாய் க்விரினைக் கூப்பிட்டு, ஊதினாயா என்று கேட்டார்கள். “ஊதினேன் ஐயா” என்று அவன் சொன்னான். அதோடு முடிந்தது. அண்ணனுக்குக் கண்டனம், பதவி உயர்வு கிடையாது. டெட்டன்ஹோஃபனின் நெஞ்சில் ஒரு பதக்கம் ஏறியது.

அண்ணன் ஃபைட்டின் அம்மாவைப் பார்க்கப் போனான். நானும் கூடப் போயிருந்தேன். நோட்புர்கா கதவைப் பாதி திறந்து அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“பதக்கத்துக்காக எம்புள்ளையப் பலி குடுத்தவன்தானே நீ? என் வாசப்படிய மிதிச்ச, நாயை அவுத்து விடுவேன்.”

என்னை மருமகளாக வர வேண்டியவள் என்றுகூடப் பார்க்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. அண்ணன் அந்தக் கதவின் முன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

இலையுதிர் காலத்தில் ஒரு சந்தை நாள். க்விரின் எங்கள் விடுதிக்கு வந்து குடித்தான். குடிக்கக் குடிக்க அழுதான். நான் குவளையை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நான் ஊதலம்மா. கொம்பை வாயில வெச்சேன். அந்த ஆளு தட்டி விட்டான். ‘ஊதினா நாம கெளம்புறது பிரஷ்யாக்காரனுக்குத் தெரிஞ்சிடும்டா முட்டாள்’னான். அப்புறம் விசாரணைக்கு முந்தி என்னைக் கூப்பிட்டு, மாத்திச் சொன்னா சுட்டுப் போட்டுருவேன்னான்.”

நான் அவனை அறைந்தேன். கை வலிக்கும் மட்டும் அறைந்தேன். அவன் தடுக்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவனைச் சமையலறைக்கு இழுத்துப் போய்ச் சூப் ஊற்றிக் கொடுத்தேன்.

“நீ இப்ப போயிச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். அன்னிக்கு ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்றியான்னு உன்னைத்தான் உள்ள போடுவான். ஆனா பட்டாளத்த விட்டு மட்டும் போயிடாத. எங்கண்ணன் இருக்குற எடத்துல இரு. ஒரு நாள் வரும்.”

“வருமாம்மா?”

“வர வைக்கிறேன். சூப்பைக் குடி.”

விஷயம் தெரிந்ததும் அண்ணன் கேப்டனைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தான். அதிகாரிகளுக்குள் மானப் பிரச்சினை வந்தால் அப்படித்தான் தீர்ப்பார்கள். அழைப்பைக் கொண்டுபோன நண்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

“என்ன சொன்னான்? அப்படியே சொல்லு,” என்றான் அண்ணன்.

“வேணாம் கோர்பினியன்.”

“சொல்லுடா.”

“‘சமமானவனோடதான் நான் சுடுவேன். பீர்க்கடைக்காரனுக்குத் தாகமா இருந்தா, அவன் சரக்கையே அவன் குடிக்கட்டும்’னான்.”

அண்ணன் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கழற்றி நாற்காலியில் மாட்டினான். “போதும் சென்ஸி. நான் வேலைய விட்டுடறேன். அப்பா கொப்பரை இருக்கு,” என்றான்.

நான் அந்தச் சட்டையை எடுத்து அவன் முகத்தில் எறிந்தேன். “போட்டுக்க. இப்ப விட்டுட்டு வந்தா அவன் சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிடும். அங்கேயே இரு. அவன் சாப்பிடுற மேஜையிலேயே சாப்பிடு. உன் மொகத்தப் பாக்குறப்பல்லாம் அவனுக்குச் சோறு தொண்டையில நிக்கணும்.”

அவன் இருந்தான். அது அவனுக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை என்று எனக்குத் தெரியும். அந்த நாலு வருடத்தில் அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் அவனைத் தாண்டிப் போனார்கள். இவன் லெப்டினன்டாகவே நின்றான். டெட்டன்ஹோஃபன் மேஜரானான், முழுப் படைப்பிரிவுக்கும் தலைவன். அணிவகுப்பில் அண்ணனைக் கடைசி வரிசையில் நிறுத்துவான். மழையில் காவல் என்றால் அவனுக்குத்தான். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு, “உங்க பீர் நல்லா இருக்கும்மா, உங்கண்ணன்தான் புளிச்சுப் போயிட்டான்,” என்பான். நான் ஒவ்வொரு சொல்லையும் உப்புக் கண்டம் போட்டு வைத்தேன்.

எழுபதில் பிரெஞ்சுக்காரனோடு போர். இந்த முறை பிரஷ்யர்களும் நாங்களும் ஒரே பக்கம். பிரெஞ்சு நாட்டில் லுவார் நதிப் பக்கம், டிசம்பர் பனியில் எங்கள் ஆட்கள் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள். அங்கே நடந்ததை அண்ணன் ஒரு தடவைதான் சொன்னான். க்விரின் நூறு தடவை சொன்னான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

ஒரு கிராமத்தின் விளிம்பில் கல்வீடு ஒன்று. மேஜர் அதில் இருந்துகொண்டு படையை நடத்தினான். பீரங்கிக் குண்டு விழுந்து வாசல் சரிந்ததில் அவன் கால் உத்தரத்தின் அடியில் மாட்டி நசுங்கியது. அந்த நேரம் பார்த்துக் கர்னலிடமிருந்து உத்தரவு வந்தது: காட்டோரம் வரை பின்வாங்குங்கள். அண்ணனின் கேப்டன் முன்பே விழுந்துவிட்டதால், அந்தப் பக்கத்துக்கு அண்ணன்தான் தலைவன். அவன் உடனே க்விரினைக் கொம்பு ஊதச் சொன்னான். மூச்சு முட்ட ஊதச் சொன்னான். கடைசி ஆள் வேலியைத் தாண்டிக் காட்டுப் பக்கம் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் கல்வீட்டுக்குள் போனான். க்விரினும் பின்னால் போனான்.

உள்ளே மேஜரும் அவன் உதவி அதிகாரி லெப்டினன்ட் ஆரெட்ஸும் மட்டும். ஆரெட்ஸும் பிரபு வீட்டுப் பிள்ளைதான், மேஜரின் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். அவன் தனியாக உத்தரத்தைத் தூக்கப் பார்த்து முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“ராய்ட்மாயர்! நல்லதாப் போச்சு. இதத் தூக்கு,” என்றான் மேஜர்.

மூவருமாகத் தூக்கினார்கள். கால் வெளியே வந்தது. ஆனால் அதில் ஊன்ற முடியாது. அண்ணன் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

“என்னடா உக்காந்துட்ட? என்னத் தூக்கு!”

“பேசிட்டுப் போகலாம் மேஜர். சாலே ஆத்தங்கரையில அன்னிக்குக் கொம்பு ஊதிச்சா?”

மேஜர் முதலில் சிரித்தானாம். பிறகு உத்தரவிட்டான். பிறகு, உன்னைச் சுவரில் நிறுத்திச் சுடுவேன் என்றான். தோட்டத்துப் பக்கம் பிரெஞ்சுக் குரல்கள் கேட்டன. ஆரெட்ஸ் பதறிப்போனான். “ராய்ட்மாயர், பைத்தியமா உங்களுக்கு? வந்துட்டாங்க!”

“நீங்க போகலாம் லெப்டினன்ட். உங்கள யாரும் பிடிச்சு வைக்கல. இருந்தா, காதத் தொறந்து வெச்சுட்டு இருங்க.”

ஆரெட்ஸ் போகவில்லை. மேஜர் இப்போது கெஞ்சினான். குழந்தைகளின் பெயரைச் சொன்னான். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது க்விரின் முன்னால் வந்து கொம்பை மேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“ஐயா, இதே கொம்புதான். இந்த நெளிவு அன்னிக்கு நீங்க தட்டினதுல விழுந்தது. இப்பவும் நான்தான் பொய் சொல்றேனா?”

தோட்டத்துச் சுவரில் குண்டுகள் பட்டுத் தெறித்தன. மேஜரின் வாய் கோணியது. “ஊதல,” என்றான். “ஊத வேண்டாம்னு நான்தான் சொன்னேன். போதுமா? இப்பத் தூக்குடா!”

“சத்தமா.”

“நான்தான் அவங்கள விட்டுட்டுப் போனேன்! ராய்ட்மாயர் மேல தப்பு இல்ல! ஆண்டவர் மேல சத்தியம்!”

“அங்க செத்தவங்கள்ல ஒருத்தன் பேராவது தெரியுமா?”

மேஜருக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. அண்ணன் எல்லாப் பெயரையும் சொன்னான். பிரெஞ்சுக்காரன் வாசலுக்கு வந்தால் வரட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் அவனைத் திரும்பச் சொல்ல வைத்தான். ஃபைட் ஹாஸ்லிங்கர் என்ற பெயரை மட்டும் இரண்டு தடவை. அதன் பிறகு மேஜரை முதுகில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் காட்டுக்கு ஓடினான். ஓடும்போது வந்த ஒரு குண்டு மேஜரின் பின்புறச் சதையில் புகுந்தது. “அண்ணனுக்கு நல்ல கேடயம் கெடச்சுதும்மா,” என்று க்விரின் ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பான். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தே டெட்டன்ஹோஃபன் புகார் கொடுத்தான். அண்ணன் எதிரியின் முன்னால் மேலதிகாரியை மிரட்டினான், உயிர்ப் பயத்தில் பொய்யாக ஒன்றைச் சொல்ல வைத்தான் என்று. போர் முடிந்ததும் விசாரணை. எல்லாம் ஆரெட்ஸின் வாயில் தொங்கியது. சொந்தக்காரன், சொந்தக்காரனைத்தானே காப்பாற்றுவான் என்று நான் நினைத்தேன். அவன் எழுந்து நின்று இரண்டையும் சொன்னான்.

“லெப்டினன்ட் ராய்ட்மாயர் மிரட்டினது உண்மை. மேஜர் ஒத்துக்கிட்டதும் உண்மை. பயத்துல பொய் சொல்றவன் எடுத்த எடுப்புலயே ஒத்துப்பான்; இவர் கொம்பப் பாத்த பிறகுதான் ஒத்துக்கிட்டார். கொம்பத் தட்டி விட்ட கதைய மறுக்க மேஜருக்கு வாய் வரல. அவர் கண்ண நான் பாத்தேன். பொய் சொல்ற கண் இல்ல அது, மாட்டிக்கிட்ட கண்.”

அண்ணனின் வாளைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு நீக்கினார்கள். கோட்டைச் சிறையும் விதித்தார்கள். டெட்டன்ஹோஃபனை, காயத்தின் காரணமாக ஓய்வு பெறலாம் என்று மெதுவாக வெளியே தள்ளினார்கள். சாலே ஆற்றின் பழைய தீர்ப்பை யாரும் திருத்தவில்லை. மேலிடத்துக்கு அது அவமானமாம்.

மேலிடம் திருத்தாவிட்டால் என்ன, நான் இருந்தேன். க்விரின் பட்டாளத்தை விட்டு எங்கள் வண்டியோட்ட வந்திருந்தான். பின்வாங்கச் சொல்லி ஊதும் அந்த மெட்டு ரொம்பச் சின்னது, யாரும் சீட்டியடிக்கலாம். ஒரு மதியம் அவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி, விடுதியில் இருந்த எல்லோருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். பாதிப் பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள், அவர்களுக்குக் கற்றுத் தரவே வேண்டியதில்லை. கதையை நான் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டெட்டன்ஹோஃபன் கைத்தடியோடு வெளியே வந்தான். ஒற்றைக்கால் சிப்பாய் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த மெட்டைச் சீட்டியடித்தான். கறிக்கடை வாசலில் இன்னொருவன் எடுத்துக்கொண்டான். பிறகு பாலத்தில் மீன் விற்பவர்கள். டெட்டன்ஹோஃபன் வேகமாக நடக்கப் பார்த்தான், கால் விடவில்லை. அடுத்த வாரம் சந்தையில். அதற்கடுத்து நாடகக் கொட்டகையில், விளக்கை ஏற்றுமுன். போலீஸ் வந்து என்னை மிரட்டியது. “சீட்டியடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்தா காட்டுங்க,” என்றேன். அவர்களில் ஒருவன் போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சீட்டியடித்துவிட்டுப் போனான். அவன் தம்பி ஆலையில் செத்தவன்.

கடைசியில் டெட்டன்ஹோஃபனின் மனைவியே விடுதிக்கு வந்தாள். நல்ல கறுப்புப் பட்டு, கையுறை. என் முன்னால் நின்று கையுறையைக் கழற்றினாள்.

“நிறுத்தச் சொல்லுங்கம்மா. அவர் வீட்ட விட்டு வெளிய வர்றதே இல்ல. ஜன்னலத் தொறக்க விட மாட்டேங்குறார்.”

“ஃபைட்டும் வெளிய வர்றதில்லம்மா,” என்றேன். “வேற என்ன வேணும்? பீர் ஊத்தட்டுமா?”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இரக்கமும் வரவில்லை. வருமா என்று பார்த்தேன், வரவில்லை. அந்தப் பனிக்காலத்துக்கு முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்கள் தங்கள் குடும்பக் கோட்டைக்கே போய்விட்டார்கள்.

அண்ணன் சிறையிலிருந்து திரும்பியபோது நெற்றிக்கு மேலே முடி இல்லை. ஊரே தெருவில் நின்று அவன் கையைப் பிடித்தது. அவன் எல்லோருக்கும் தலையாட்டினான். ஆனால் பட்டாளம் அணிவகுத்துப் போகும் சத்தம் கேட்டால் கொப்பரை அறைக்குள் போய்விடுவான். சீட்டியைப் பற்றிச் சொன்னேன். “இனி போதும் சென்ஸி,” என்றான். போதாது என்றேன். அந்த விஷயத்தில் நாங்கள் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

வந்த மறுநாளே அவன் இல்ஸ் மலைச்சரிவுக்குப் போக வேண்டும் என்றான். கூடப் போனேன். கதை நோட்புர்கா காதுக்கு எப்போதோ போயிருக்கும். ஆனாலும் அவள் இறங்கி வந்ததில்லை, ஆள் அனுப்பியதில்லை. கதவைத் திறந்தாள். நாய் குரைத்தது; காலால் தள்ளினாள்.

“உள்ள வா தம்பி.”

உட்கார வைத்தாள். அண்ணன் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னான், ஆலையிலிருந்து காட்டோரம் வரை. அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள். எம்புள்ள பேரைச் சொன்னானா என்று மட்டும் இடையில் கேட்டாள். இரண்டு தடவை சொன்னான் என்றான் அண்ணன்.

அவன் முடித்ததும் அவள் திரும்பினாள்.

“எல்லாம் சரி. அவனை ஏன் தூக்கிட்டு வந்த? அங்கேயே போட்டுட்டு வர வேண்டியதுதானே?”

“நானும் விட்டுட்டு வந்தா, அவனுக்கும் எனக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் வேணாம் தம்பி. உனக்கு வேணும்னா வெச்சுக்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் ரொட்டியைக் கொண்டு வந்து, வாத்துக் கொழுப்பைத் தடவி, எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வைத்தாள். நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“அவன் கால் இன்னும் வலிக்குதாமா?”

“குளிர்ல ரொம்ப வலிக்குதாம். படுக்க முடியலைன்னு கேள்வி,” என்றேன் நான்.

“நல்லது,” என்று சொல்லிவிட்டு நோட்புர்கா எனக்கு இன்னொரு துண்டு வெட்டினாள்.